குதிரை எங்கே என்று கேமராவுக்கு எப்படித் தெரிகிறது?

மாதவரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். எட்டாம் வகுப்பு படிக்கும் அவருடைய மகள் ஞாயிறுதோறும் குதிரையேற்றம் கற்றுக்கொள்கிறாள். பயிற்சியாளர் மைதானத்தின் நடுவில் நின்றுகொண்டு "குதிகாலைக் கீழே இறக்கு, முதுகை நிமிர்த்து" என்று கத்திக்கொண்டே இருக்கிறாராம். "இறக்கித்தானே வெச்சிருக்கேன்" என்று மகள் சாதிக்கிறாளாம். வீடியோ எடுத்துக் காட்டினால் வழக்கு தீர்ந்துவிடும். ஆனால் அதற்கு அம்மா முக்கால் மணி நேரம் வெயிலில் நின்று, செல்போனைப் பிடித்தபடி குதிரையோடு சேர்ந்து சுற்ற வேண்டும். 'தானாகத் திரும்பிப் பின்தொடரும் கேமரா விற்கிறார்களாமே, எதை வாங்குவது?' என்பது அவர் கேள்வி.

வட சென்னையில் குதிரையேற்றமா என்று அடையாறு பக்கத்து நண்பர்கள் புருவத்தை உயர்த்த வேண்டாம். ரேஸ் கோர்ஸ் கிண்டியில் இருக்கலாம், ஜட்கா வண்டியில் வளர்ந்தவர்கள் நாங்கள்.

குதிரையைப் படம் பிடிப்பது என்றாலே 1878-இல் இருந்து தொடங்குவதுதான் முறை. அந்த ஆண்டு ஜூனில் கலிஃபோர்னியாவில் புகைப்படக்காரர் எட்வர்ட் மைப்ரிட்ஜ், ஓடுபாதை ஓரமாக 12 கேமராக்களை வரிசையாக வைத்தார். பாதையின் குறுக்கே கட்டிய நூல்களைக் குதிரையே அறுத்துக்கொண்டு ஓட, ஒவ்வொரு கேமராவும் தன் முறை வந்ததும் படம் எடுத்தது. பாய்ச்சலில் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புகின்றன என்பது அப்படித்தான் உறுதியானது. அதுவும் ஓவியர்கள் வரைந்ததுபோல் கால்கள் முன்னும் பின்னும் நீண்டிருக்கும்போது அல்ல, வயிற்றுக்கு அடியில் மடங்கிச் சேரும்போது. அங்கே கேமரா அசையவே இல்லை. 'நான் இங்கே இருக்கிறேன்' என்ற தகவலைக் கொடுத்தது குதிரைதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். அகலமான லென்ஸ் உள்ள செல்போனை ஒரு மூலையில் நிறுத்தி, முழு மைதானத்தையும் 4கே-யில் எடுத்துவிட்டால் போதாதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். குதிரையேற்றத்தில் சிறிய மைதானம் என்றால் 20 மீட்டருக்கு 40 மீட்டர். மூலையில் இருந்து முழுவதையும் பார்க்க 90 டிகிரி அகலம் வேண்டும். அந்த லென்ஸில் 40 மீட்டர் தள்ளி 80 மீட்டர் அகலம் விழும். 4கே படத்தின் குறுக்கே 3,840 புள்ளிகள் இருக்கின்றன. பத்து சென்டிமீட்டர் குதிகாலுக்குக் கிடைப்பது ஐந்தே புள்ளி! ஐந்து புள்ளியை வைத்துக்கொண்டு குதிகால் இறங்கியிருக்கிறதா இல்லையா என்று எந்த நீதிபதியும் தீர்ப்புச் சொல்ல முடியாது. 15 டிகிரிக்கு ஜூம் செய்தால் அதே குதிகாலுக்கு 36 புள்ளிகள் கிடைக்கும். அது போதும். ஆனால் அப்போது படத்துக்குள் வருவது பத்தரை மீட்டர் அகலம்தான், குதிரை இரண்டு நொடியில் அதைத் தாண்டிவிடும். எனவே கேமரா திரும்பித்தான் ஆக வேண்டும். திரும்ப வேண்டுமானால் குதிரை எங்கே என்று அதற்குத் தெரிய வேண்டும்.

கடையில் கிடைப்பவை மூன்று ஜாதி. பார்த்துத் தெரிந்துகொள்பவை, ஜிபிஎஸ் கேட்டுத் தெரிந்துகொள்பவை, ரேடியோவில் பேசித் தெரிந்துகொள்பவை.

பார்த்துத் தெரிந்துகொள்பவற்றில் பிவோ மாதிரியானவை உண்டு. சுழலும் சிறு பீடத்தில் உங்கள் செல்போனையே செருகிவிட்டால், செயலி படத்தில் ஆளையோ குதிரையையோ அடையாளம் கண்டு பீடத்தைத் திருப்பும். விலை குறைவு. இந்த ஜாதியில் ஒன்றை நானும் வாங்கினேன், எந்த நிறுவனம் என்பது வேண்டாம். செங்குன்றம் பக்கம் ஒரு நண்பரின் கொட்டகையில் வைத்துச் சோதித்தேன். பழுப்புக் குதிரை ஒன்று, அதே நிறத்தில் இன்னொன்று எதிரே வந்தது. இரண்டும் ஒன்றையொன்று கடந்தபோது கேமரா மனம் மாறி இரண்டாவதோடு போய்விட்டது. அதையாவது மன்னிக்கலாம். அப்புறம் ஒரு தூண் மறைத்த நேரத்தில் குதிரையைத் தொலைத்துவிட்டு, புல் கட்டு சுமந்து போன குதிரைக்காரரைப் பிடித்துக்கொண்டது. வீட்டில் வந்து பார்த்தால், அவர் புல் உதறுவது, தண்ணீர் காட்டுவது, பீடி பற்றவைப்பது எல்லாம் 11 நிமிடம் துல்லியமாகப் பதிவாகியிருந்தது. நல்ல ஆவணப்படம். ஒரே குதிரை, தடையில்லாத மைதானம் என்றால் இந்த வகையே போதும். மூன்று பேர் சேர்ந்து பயிலும் இடத்தில் சரிவராது.

ஜிபிஎஸ் வகையில் சோலோஷாட் பெயர் பெற்றது. சவாரி செய்பவர் கையில் ஒரு பட்டை கட்டிக்கொள்வார், அது தன் இடத்தைக் கேமராவுக்குச் சொல்லும். கடலலையில் சறுக்குபவர்களைப் படம் பிடிக்கச் சரியான கருவி. ஆனால் திறந்த வானத்தின் கீழும் சாதாரண ஜிபிஎஸ் மூன்று, நான்கு மீட்டர் தவறும். 200 மீட்டர் தள்ளி அலையில் இருப்பவருக்கு மூன்று மீட்டர் தவறு என்பது ஒரு டிகிரிகூட வராது. அதே மூன்று மீட்டர், 20 மீட்டரில் ஓடும் குதிரைக்கு எட்டரை டிகிரி. நம்முடைய 15 டிகிரிப் படச்சட்டத்தில் நடுவிலிருந்து விளிம்புக்கு ஏழரை டிகிரிதான். ஆக, படத்தில் வேலி இருக்கும், குதிரை இருக்காது. தகரக் கூரைக்குக் கீழே போனால் இதுவும் கிடையாது.

மிச்சம் ரேடியோ. என் மனம் போனது இங்கேதான்.

காசிமேட்டில் விசைப்படகு வைத்திருப்பவர்களைக் கேட்டால் எக்கோ சவுண்டர் எப்படி ஆழம் சொல்கிறது என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள்: சத்தம் கீழே போய்த் திரும்ப எவ்வளவு நேரம் என்று பார்க்கும். கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். 30 மீட்டர் ஆழத்துக்குப் போய்வர 0.04 நொடி. நேரத்தை அளந்தால் தூரம் கிடைத்துவிடும். இதையே ரேடியோ அலையில் செய்ய வேண்டும். ஆனால் ரேடியோ ஒளியின் வேகத்தில் போகிறது, ஒரு நானோ நொடிக்கு 30 சென்டிமீட்டர். நானோ நொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. குதிரையை ஒரு சாண் துல்லியத்துக்குள் கண்டுபிடிக்க ஒரு நானோ நொடியைவிடக் குறைவான நேரத்தை அளக்க வேண்டும்.

இதற்காக அல்ட்ரா வைடு பேண்ட் என்ற ரேடியோ வகை இருக்கிறது. அமெரிக்காவில் 2002-இல் இதைப் பொதுப் பயன்பாட்டுக்கு அனுமதித்தார்கள், 2019-இல் ஐபோனுக்குள்ளும் வந்துவிட்டது. இதில் ஒவ்வொரு துடிப்பும் இரண்டு நானோ நொடி அளவுக்குத்தான் நீளும். நாதஸ்வரத்தின் எதிரொலி அடுத்த ஸ்வரத்தோடு கலந்துவிடும், பட்டாசின் எதிரொலி தனியாகக் கேட்கும் இல்லையா? அதுபோல, தகரக் கூரையில் பட்டுத் தாமதமாக வரும் துடிப்பு தனியாகத் தெரிவதால், நேராக வந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

சரி, சிக்கல் இனிமேல்தான். கடல் தரை ஒலியை உடனே திருப்பிவிடும். கையில் கட்டிய பட்டை அப்படியில்லை. 'எங்கே இருக்கிறாய்?' என்று மைதான ஓரத்தில் நட்ட ரேடியோ கம்பம் கேட்க, பட்டை அதைப் புரிந்துகொண்டு 'இதோ' என்று பதில் சொல்ல நேரம் எடுக்கும். 300 மைக்ரோ நொடி என்று வைத்துக்கொள்வோம். 30 மீட்டரைக் கடக்க ரேடியோவுக்கு வேண்டியது 100 நானோ நொடி. பட்டை யோசிக்கும் நேரமோ மூன்று லட்சம் நானோ நொடி! வந்தவர் இரண்டு நிமிடம் நடந்து வந்துவிட்டு, வாசலில் நான்கு நாள் உட்கார்ந்த கதை. மொத்த நேரத்தில் 300 மைக்ரோ நொடியைக் கழித்துப் பாதியாக்கினால் தூரம் வந்துவிடும், ஆனால் அந்த 300-ஐ எண்ணியது பட்டையின் கடிகாரம். அது மலிவான குவார்ட்ஸ் படிகம், பத்து லட்சத்தில் பத்து பங்கு தவறும். கேட்க அற்பமாக இருக்கும், ஒரு நாளைக்கு ஒரு நொடிகூடத் தவறாத கடிகாரம்தான் அது. ஆனால் 300 மைக்ரோ நொடியில் அந்தத் தவறு மூன்று நானோ நொடி. பாதியாக்கினால் ஒன்றரை, அதாவது 45 சென்டிமீட்டர். போதாக்குறைக்குப் படிகத்தின் வேகம் வெப்பத்தைப் பொறுத்தும் மாறும். அக்னி நட்சத்திரத்தில் பட்டை வெயிலில், கம்பம் நிழலில் இருந்தால் இரண்டு கடிகாரமும் இரண்டு விதமாக ஓடும்.

அணுக் கடிகாரம் வாங்கிக் கட்டலாமா? தேவையில்லை. மூன்றாவதாக ஒரு செய்தி அனுப்பினால் போதும். பட்டை 'இதோ' என்றதும், கம்பமும் தன் கடிகாரப்படி 300 மைக்ரோ நொடி காத்திருந்து 'சரி' என்று ஒன்று அனுப்புகிறது. இப்போது பட்டையிடமும் ஒரு போக்குவரத்துக் கணக்கு இருக்கிறது. பட்டையின் கடிகாரம் வேகமாக ஓடுகிறது என்று வையுங்கள். அது உண்மையில் 300-க்குச் சற்றுக் குறைவாகவே காத்திருக்கும். கம்பத்தின் கணக்கில் தூரம் 45 சென்டிமீட்டர் குறையும். ஆனால் கம்பம் காத்திருந்த நேரத்தை அதே வேகமான கடிகாரம் அளக்கும்போது கூடுதலாகக் காட்டும். பட்டையின் கணக்கில் தூரம் அதே 45 சென்டிமீட்டர் கூடும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள், பிழை காணாமல் போய்விடும்!

இது எனக்கு எங்கள் தெரு மளிகைக்கடையின் பழைய தராசை நினைவூட்டுகிறது. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. கோணல் தராசில் சரியான எடை பார்க்க முடியுமா? முடியும். சரக்கை இடத் தட்டில் வைத்து ஒருமுறை, வலத் தட்டில் வைத்து ஒருமுறை நிறுங்கள். ஒன்று கூட்டிச் சொல்லும், இன்னொன்று குறைத்துச் சொல்லும். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் உண்மையான எடை. ரேடியோவிலும், இருவரும் காத்திருந்த நேரம் சமமில்லை என்றால் கூட்டிப் பாதியாக்குவது பலிக்காது, அங்கேயும் பெருக்கல்தான் காப்பாற்றும். பொய் சொல்லும் இரண்டு கடிகாரங்களை வைத்துக்கொண்டு, எது பொய் சொல்கிறது என்றுகூடத் தெரியாமல், உண்மையை எடுத்துவிடுகிறார்கள். இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மீதி எட்டாம் வகுப்பு வடிவியல். ஒரு கம்பத்திலிருந்து தூரம் தெரிந்தால் ஒரு வட்டம், மூன்று கம்பங்கள் இருந்தால் மூன்று வட்டங்கள் வெட்டும் புள்ளியில் குதிரை. பிரான்ஸின் மூவ் அண்ட் சீ நிறுவனம் விற்கும் பிக்ஸியோ இந்த ஜாதி. குதிரையேற்றக்காரர்கள் நிறையப் பேர் வைத்திருப்பதும் இதைத்தான். மைதானத்தைச் சுற்றி மூன்று சின்னக் கம்பங்கள், கையில் ஒரு கடிகாரப் பட்டை, கேமராவைத் திருப்பும் ஒரு ரோபோ. ஜிபிஎஸ் இல்லாததால் கூரைக்குக் கீழேயும் வேலை செய்யும். மைப்ரிட்ஜின் நூல்தான், கண்ணுக்குத் தெரியாத நூல். விலை உறைக்கும். கப்பல் கூலி, சுங்கம் எல்லாம் சேர்ந்தால் ஒரு நல்ல ஸ்கூட்டர் வாங்கிவிடலாம். தனியாக வாங்காதீர்கள், பயிற்சிப் பள்ளியில் நாலைந்து பெற்றோர் சேர்ந்து வாங்குங்கள்.

இங்கே கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன். இதற்கு வேண்டிய ரேடியோ சில்லுகளில் ரகசியம் ஒன்றும் இல்லை, மோட்டாரும் மின்சுற்றுப் பலகையும் ரிட்சி தெருவில் கிடைக்கும். மாதவரம் பால்பண்ணையில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமே இருக்கிறது, சுற்றிலும் எத்தனையோ பொறியியல் கல்லூரிகள். ஆனால் மாணவர்கள் இறுதியாண்டு ப்ராஜெக்டைக் கடையில் ரெடிமேடாக வாங்கிக் காலிகோ அட்டை போட்டுக் கொடுக்கிறார்கள். அந்தக் காசில் பாதியைக் கல்லூரியே கொடுத்துச் செய்யச் சொன்னால் என்ன? இன்னொரு பக்கம், சில லட்சம் கொடுத்துக் குதிரை வாங்குகிறவர்கள் இன்னமும் நெற்றிச் சுழியும் கழுத்துச் சுழியும் பார்க்கிறார்கள். சுழி என்பது முடி முளைக்கும் திசை, அவ்வளவுதான். அதற்குப் பதில் பத்து நிமிட வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முன்னங்காலில் வலி இருக்கும் குதிரை ட்ராட் (நடைக்கு அடுத்த வேகம்) போகும்போது, வலிக்கும் கால் தரையில் படும் நேரத்தில் தலையைத் தூக்கும், நல்ல கால் படும்போது தாழ்த்தும். சுழி சொல்லாததைத் தலை சொல்லும்.

வாசகிக்கு, எந்தக் கேமரா வாங்கினாலும் நீள வேலியின் நடுவில், ஓரமாக வைக்காதீர்கள். கேன்டர் என்ற மிதமான பாய்ச்சலில் நொடிக்கு ஆறு மீட்டர் வரும் குதிரை, ஐந்து மீட்டர் தள்ளிக் கடந்தால் கேமரா நொடிக்கு 70 டிகிரி திரும்ப வேண்டும். மோட்டார் திணறும், படமும் கலங்கும். 25 மீட்டர் தள்ளி என்றால் 14 டிகிரி போதும். வேலிக்கு வெளியே ஒரு மூலையிலிருந்து சில மீட்டர் பின்வாங்கி வைத்தால் மொத்த மைதானமும் 90 டிகிரிக்குள் அடங்கும். பட்டையை மேல்கையில் கட்டுங்கள், பேன்ட் பாக்கெட்டில் வேண்டாம். குதிரையின் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், தண்ணீர் ரேடியோவைக் குடித்துவிடும். மே மாதத்தில் செல்போனுக்குத் தனியாகக் குடை பிடியுங்கள், இல்லையென்றால் சூடு தாங்காமல் பாதியில் அணைந்துவிடும்.

அப்புறம், வாங்கிய அன்றே ஓடவிடாதீர்கள். குதிரைக்குத் தன்னைச் சுற்றிக் கிட்டத்தட்ட 350 டிகிரி தெரியும். வேலிக்கு வெளியே ஒரு கறுப்புத் தலை சத்தமில்லாமல் தன் பக்கமே திரும்பிக்கொண்டிருப்பதை அது உங்களுக்கு முன்பே பார்த்துவிடும். இரண்டு நாள் கேமராவை அணைத்தே வைத்து, குதிரையைக் கடிவாளத்தோடு நடத்தி வந்து அதன் பக்கத்தில் நிறுத்தி முகர்ந்து பார்க்க விடுங்கள். செங்குன்றத்துக் குதிரை எங்கள் ஸ்டாண்டை முதலில் நக்கிப் பார்த்தது, பிறகு அதில் தொங்கிய துணிப்பையைத் தின்னத் தொடங்கியது. அதற்குப் பிறகு கேமரா எவ்வளவு சுற்றினாலும் அது திரும்பிப் பார்க்கவே இல்லை.