வாக்குத்தத்தம்: தந்த சொல்லும் தேர்ந்த சொல்லும்

டிசம்பர் கடைசியில் மலேசியாவின் பெஸ்தாரி ஜெயா கடைத்தெருவில் இரண்டு கிறிஸ்தவர்கள் சந்தித்தால், "முப்பத்தொண்ணு ராத்திரி ஆராதனைக்கு வாரீங்கதானே?" என்று கேட்டுக்கொள்வார்கள். ஜனவரி பிறந்ததும் கேள்வி மாறும்: "ஒங்களுக்கு என்ன வாக்குத்தத்தம் வந்துச்சு?" (பலகையில் ஊர் பெஸ்தாரி ஜெயா. தோட்டத்துப் பெரியவர்களுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.)

ஆராதனையில் நடப்பது இதுதான். பன்னிரண்டு மணி அடித்து, பாஸ்டர் ஜெபித்து முடித்ததும் முன்னால் ஒரு தட்டு வைப்பார்கள். அதில் உள்ளங்கை அளவு அட்டைகள் கவிழ்த்துக் கிடக்கும். ஒரு பக்கம் பூவோ மலையோ, மறுபக்கம் ஒரு வசனம். வரிசையில் போய் ஆளுக்கொன்று எடுப்பார்கள். அதில் இருக்கும் வசனம்தான் அந்த வருஷத்துக்கு அவருக்கு வந்த வாக்குத்தத்தம். கண்ணாடி கொண்டுவராத பாட்டி பேரனிடம் நீட்டி, "படிச்சுச் சொல்லுய்யா" என்பார். விடிவதற்குள் அந்த அட்டை ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும். வீட்டுக்காரர் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர் என்றால் லாரியின் முன்கண்ணாடி ஓரத்தில் செருகியிருக்கும்.

அட்டையைப் பற்றிப் பேசும்போது 'எடுத்தேன்' என்பார்கள். வசனத்தைப் பற்றிப் பேசும்போது 'வந்தது', 'கிடைத்தது' என்பார்கள். 'இந்த வசனத்தைத் தேர்ந்தெடுத்தேன்' என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சொல்லின் பிறப்பைப் பார்த்தால் இந்தப் பேச்சு வழக்கு மிகச் சரி.

வாக்கு + தத்தம். இரண்டும் வடமொழி வேர் கொண்டவை. 'வாக்கு' என்றால் சொல், பேச்சு. 'தத்தம்' என்றால் கொடுக்கப்பட்டது. நீர் வார்த்து ஒன்றைத் தானமாகக் கொடுப்பதைத் 'தத்தம் செய்தல்' என்று நம் முன்னோர் சொன்னார்கள். தத்துப்பிள்ளையில் இருக்கும் 'தத்து'வும் இந்தக் குடும்பம்தான். ஆக வாக்குத்தத்தம் என்றால் சொல்லால் கொடுக்கப்பட்டது. கையில் பொருள் இன்னும் வரவில்லை, ஆனால் கொடுத்தாகிவிட்டது. தமிழில் இன்னொரு 'தத்தம்' உண்டு: 'தத்தம் வேலையைப் பார்த்தார்கள்' என்பதில் வருவது. தம் தம் என்பது அங்கே தத்தம் ஆகிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் இப்போதெல்லாம் பலர் வாக்குத்தத்தத்தை அந்தப் பொருளில்தான் எடுத்துக்கொள்கிறார்களோ என்று தோன்றும், அவரவருக்கு அவரவர் வாக்கு என்பதுபோல.

இதோடு குழப்பிக்கொள்ளும் சொற்கள் மூன்று. நாம் கடவுளுக்குச் செய்வது பொருத்தனை. நமக்கு நாமே செய்துகொள்வது தீர்மானம்; ஜனவரி முடிவதற்குள் பெரும்பாலும் செத்துப்போவதும் அதுதான். இரண்டு பக்கமும் கட்டுப்படுவது உடன்படிக்கை. மெதடிஸ்ட்டுகள் புத்தாண்டை ஒட்டி நடத்தும் உடன்படிக்கை ஆராதனை இந்த மூன்றாவது வகை. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லி 1755இல் லண்டனில் தொடங்கிவைத்தது. வாக்குத்தத்தத்தில் பேச்சு ஒரு பக்கத்திலிருந்துதான் வருகிறது. மனிதன் கேட்கிறவன்.

வேத மொழிகளுக்குப் போனால் இன்னும் சுவை. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் இது எபங்கெலியா. அறிவித்தல் என்ற வேரிலிருந்து வந்தது. சுவிசேஷம் என்பதற்கான கிரேக்கச் சொல்லுக்கும் அதே வேர். பழைய ஏற்பாட்டின் எபிரேயத்திலோ வாக்குத்தத்தத்துக்கென்று ஒதுக்கிவைத்த தனிச்சொல் கிடையாது. பெரும்பாலும் 'தாபார்' என்ற சாதாரணச் சொல்லே அந்த வேலையையும் செய்கிறது. சொல் என்றும் பொருள், காரியம் என்றும் பொருள். சில இடங்களில் அதனோடு 'நல்ல' என்ற அடையைச் சேர்ப்பார்கள். நம் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் அதை 'நல்வார்த்தை' என்று அழகாகத் தமிழாக்கினார்கள். மோசேயைக்கொண்டு சொன்ன நல்வார்த்தைகளில் ஒன்றும் தவறிப்போகவில்லை என்று சாலொமோன் சொல்லுமிடத்தில் அது வருகிறது.

எரேமியா 29ஆம் அதிகாரத்திலும் வருகிறது. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் அட்டைத் தட்டில் வருஷா வருஷம் தவறாமல் கிடக்கும் வசனம் இதே அதிகாரத்தின் 11ஆம் வசனம்: தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே. வேலை தேடும் பையனுக்கும், மகள் கல்யாணத்துக்குப் பணம் புரட்டும் தகப்பனுக்கும் இது வந்தால் முகம் மலரும். ஆனால் அட்டையில் 10ஆம் வசனம் இருக்காது. கி.மு. 597இல் பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எருசலேமிலிருந்து அனுப்பிய கடிதம் அது. 70 வருஷம் நிறைவேறின பின்புதான் 'என் நல்வார்த்தையை' நிறைவேற்றுவேன் என்கிறது 10ஆம் வசனம். கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் எத்தனை பேர் அதுவரை இருந்திருப்பார்கள்? அதுவரை என்ன செய்வது என்பதற்கு 5ஆம் வசனம் பதில் சொல்கிறது: வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டி அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்.

தோட்டம் என்ற சொல்லை இந்த ஊரில் உட்கார்ந்து வாசிப்பது வேறு மாதிரி. எங்களுக்குத் தோட்டம் என்றால் பூச்செடியோ காய்கறிப் பாத்தியோ நினைவுக்கு வராது. காலையில் ஆள் எண்ணும் பெரட்டு, வரிசையாகக் கட்டிய லயத்து வீடு, ரப்பர்ப் பால்வாளி, பிறகு செம்பனை. நட்டவர்கள் எங்கள் தாத்தாக்கள். கனியைச் சாப்பிட்டது யார் என்று கேட்டால் பேச்சு நீளும். தோட்டம் கைமாறி லயத்தைக் காலி செய்த குடும்பத்துக்கு 11ஆம் வசனத்தைவிட 5ஆம் வசனம் பெரிய வாக்குத்தத்தமாகப் படலாம். அதை அட்டையில் அச்சடித்து நான் பார்த்ததில்லை. இன்னொன்று: அந்தக் கடிதம் முழுவதும் 'நீங்கள்', 'உங்கள்'. ஒரு சனத்துக்குச் சொன்னதை ஆளுக்கொரு அட்டையாக வெட்டும்போது, தட்டைச் சுற்றி நிற்கும் மற்றவர்கள் காணாமல் போய்விடுகிறார்கள்.

புத்தாண்டுக்கு ஒரு வசனம் என்ற வழக்கம் தமிழர்களிடம் மட்டும் இருப்பதல்ல. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்தில் மொராவியச் சகோதரர்கள் என்ற கிறிஸ்தவ சபையார் 1728இல் நாளுக்கொரு வசனம் சொல்லும் வழக்கத்தைத் தொடங்கினார்கள். 1731 முதல் புத்தகமாக அச்சிட்டு வருகிறார்கள். இன்றும் அங்கே சீட்டுப் போட்டுத்தான் வசனம் எடுக்கிறார்கள், அதுவும் மூன்று வருஷம் முன்னதாகவே. அதன் பெயர் லோசுங். படைவீரன் காவல்காரனிடம் சொல்லி உள்ளே போகும் அடையாளச் சொல்லுக்கும் அதே பெயர். இன்றைய தமிழில் நேராகச் சொன்னால் கடவுச்சொல்! வருஷம் முழுவதற்கும் ஒரு வசனம் என்பது ஜெர்மனியில் 1930இல் வந்தது. அதைச் சீட்டுப் போட்டு எடுப்பதில்லை, பல சபைகளின் பிரதிநிதிகள் உட்கார்ந்து பேசித் தேர்ந்தெடுக்கிறார்கள். 2026க்கு அவர்கள் தேர்ந்த வசனம் வெளிப்படுத்தின விசேஷம் 21:5, 'இதோ, நான் சகலத்தையும் புதிதாக்குகிறேன்.' இதே மொராவியர்கள் 1760இல் தரங்கம்பாடிக்கும் வந்து சேர்ந்தார்கள்.

தமிழனுக்கு இதைவிடப் பழைய உறவு ஒன்றும் இருக்கிறது. முல்லைப்பாட்டில் போருக்குப் போன தலைவன் திரும்புவானா என்று அறிய, வயதான பெண்கள் ஊர்ப்புறத்துக்குப் போய், நெல்லும் முல்லைப்பூவும் தூவி, காதில் விழும் முதல் நல்ல சொல்லுக்காகக் காத்து நிற்கிறார்கள். அங்கே ஒரு ஆயர் மகள் பசியால் தவிக்கும் கன்றிடம், 'இன்னே வருகுவர் தாயர்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். கன்றுக்குச் சொன்ன ஆறுதல் தலைவிக்கும் ஆறுதலாகிவிடுகிறது. 'நன்னர் நன்மொழி கேட்டனம்' என்று பெண்கள் வந்து சொல்கிறார்கள். இப்படிச் சொல் கேட்டு நிற்பதற்கு 'விரிச்சி' என்று பெயர். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வாக்கு கேட்கிறவரும், தட்டில் கைவிடும் கிறிஸ்தவரும் இதற்குத் தூரத்துச் சொந்தக்காரர்கள். சில பாஸ்டர்கள் அட்டை எடுப்பதையே நிறுத்திவிட்டு, சபை முழுவதற்கும் ஒரே வசனத்தைப் பலகையில் எழுதிவிடுகிறார்கள். 'குறி கேட்கிற மாதிரி ஆகிவிடக் கூடாது' என்பது அவர்கள் கவலை. எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. எரேமியாவின் 'உங்கள்' அப்படியாவது திரும்பி வரும்.

இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. ஷா ஆலாமிலும் கோலாலம்பூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள், ஆங்கில சபைகளில் பழகியபடி, வசனத்துக்குப் பதில் ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அந்த வருஷத்தை நடத்துகிறார்கள். 'ட்ரஸ்ட்', 'ரெஸ்ட்' என்று. யோசித்து, ஜெபித்து, தானே தேர்வது. தப்பில்லை. ஆனால் அதற்கும் வாக்குத்தத்தம் என்றே பெயர் வைப்பது பொருந்தாது. தத்தம் என்றால் ஒருவர் கொடுத்திருக்க வேண்டும். இங்கே எடுத்தவர் நாம். ஆண்டுச் சொல் என்று நேராகச் சொன்னால் போதும். தமிழில் எடுப்பதானால் வினைச்சொல்லாக எடுப்பது நல்லது. 'ஆசீர்வாதம்' என்று எழுதி ஒட்டினால் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் முடியும். 27ஆம் சங்கீதத்தின் 'காத்திரு' ஒரே சொல், அதுவே முழு வாக்கியம், சொல்கிறவரும் கேட்கிறவரும் உள்ளேயே இருக்கிறார்கள். யோவான் 15இல் வருவதிலிருந்து 'நிலைத்திரு' என்று எடுத்தாலும் அப்படித்தான்.

சரி, வாக்குத்தத்தத்துக்கு நல்ல தமிழ் எது? 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு 'வாக்குறுதி' என்கிறது. பொருள் சரிதான், ஆனால் தோட்டத்துக் காதில் அது தேர்தல் மேடையையும் வீட்டுடைமைத் திட்டத்தையும்தான் எழுப்பும். 'உறுதிமொழி' பள்ளிச் சபைகூடலில் நாம் எடுப்பது, திசையே மாறிவிடும். 'நல்வார்த்தை' வேதத்திலேயே இருக்கிறது, பாட்டிக்கும் புரியும். அதில் வரும் வார்த்தையும் வடசொல்தானே என்று கேட்பவருக்கு முல்லைப்பாட்டின் 'நன்மொழி' தயாராக இருக்கிறது. என் ஓட்டு நல்வார்த்தைக்கு. பழைய சொல்லையே அச்சடிப்பவர்கள் நடுவில் வரும் 'த்' விடாமல் வாக்குத்தத்தம் என்று போடுங்கள், வசனத்தின் கீழே அதிகார எண்ணையும் போடுங்கள், எடுத்தவர் முன்னும் பின்னும் வாசித்துப் பார்க்கலாம்.