நாலு சக்கரமும் சுத்தும், சரி. பிரேக்?

ஏற்காட்டில் மாட்டிக்கொண்ட வண்டிகளை வெளியே இழுப்பது என் தொழிலில் ஒரு பாதி. இழுத்துவந்த வண்டிகளுக்குச் சேலத்தில் என் பட்டறையில் கிளட்ச் மாற்றுவது மறுபாதி. யாரும் மாட்டவில்லை என்றால் நஷ்டம் எனக்குத்தான். இருந்தாலும் போன ஞாயிற்றுக்கிழமை பார்த்ததற்கு அப்புறம் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

புது வண்டி. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி. தார் ரோட்டிலிருந்து பிரிந்து காப்பித் தோட்டத்துக்குள் இறங்கும் மண் ரோட்டில், முந்தின ராத்திரி மழை பெய்த ஈரத்தில், போனில் மேப்பைப் பார்த்துக்கொண்டே இறங்கியிருக்கிறார்கள். வண்டி வழுக்கி, இடது பக்கச் சக்கரம் இரண்டும் வாய்க்காலில் விழுந்து, ஒரு சில்வர் ஓக் மரத்தின் மேல் சாய்ந்து நின்றது. மரத்துக்கு அந்தப் பக்கம் பள்ளம். நான் போய்ச் சேர்ந்தபோது பாட்டி இன்னும் பின் சீட்டிலேயே, மடியில் புளிசோற்றுத் தூக்கோடு, இறங்கப் பயந்து உட்கார்ந்திருந்தார். ஓட்டிய தம்பி என்னிடம் முதலில் கேட்டது: "அண்ணா, ஃபோர் பை ஃபோர் போட்டுத்தானே இறங்கினேன்?"

இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஒருமுறை விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபோர் பை ஃபோர் என்பது இன்ஜினின் இழுவையை நாலு சக்கரத்துக்கும் அனுப்புகிற ஏற்பாடு. அவ்வளவுதான். ஏறும்போது உதவும், சேற்றிலிருந்து வெளியே வர உதவும். நிறுத்த உதவாது. பிரேக் உங்கள் மாமனாரின் பழைய மாருதி 800-லும் நாலு சக்கரத்துக்கும்தான் இருந்தது. வண்டியை நிறுத்துவது டயருக்கும் மண்ணுக்கும் நடுவில் இருக்கும் பிடிப்பு. அந்தப் பிடிப்பு போய்விட்டால் இருபது லட்ச ரூபாய் வண்டியும் வழுக்கும், டிவிஎஸ் ஃபிஃப்டியும் வழுக்கும். பெரிய வண்டிக்கு இதில் கூடுதல் தொல்லை: ஐந்து பேரும் சாமானும் ஏறினால் இரண்டு டன் கிட்ட வரும். அந்த எடை முழுக்கப் பள்ளத்தைப் பார்த்துத்தான் தள்ளும்.

ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலை, அலுமினியத் தாதுவான பாக்சைட் கிடைக்கிற மலை. மண் செக்கச் செவேல் என்று இருக்கும். காய்ந்திருந்தால் அருமையான பிடிப்பு. ஒரு மழை பெய்துவிட்டால் டயரின் பட்டன்களுக்கு நடுவே அப்பிக்கொள்ளும். பத்தடி உருள்வதற்குள் உங்கள் புது டயர் மொட்டை டயர் ஆகிவிடும். அப்போது பிரேக்கை மிதித்தால் சக்கரம் நிற்கும், வண்டி நிற்காது.

இறக்கத்துக்கு வேண்டியது லோ ரேஞ்ச், அதாவது சக்கரத்தை மெதுவாக, ஆனால் கூடுதல் வலுவோடு சுற்றவைக்கிற ஏற்பாடு. அதில் முதல் கியர். வண்டியை இன்ஜினே பிடித்துக்கொண்டு இறக்கும். காலைக் கிளட்சிலிருந்து எடுத்துவிடுங்கள், பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் வையுங்கள். அந்தத் தம்பி போட்டிருந்தது சாதாரண ஓட்டத்துக்கான ஹை ரேஞ்ச், இரண்டாவது கியர். பயத்தில் கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்துவிட்டார். கிளட்சை மிதித்த அந்த நொடியே இன்ஜினின் பிடி விட்டுப்போயிற்று.

இன்னொன்று. மஹிந்திராவின் 'தார்' (Thar) வண்டி 2023 ஜனவரியிலிருந்து பின்சக்கர இழுவை மட்டும் உள்ள மாடலாகவும் வருகிறது. வெளியே பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான். உங்களுடையது எது என்று தெரியாமலே மலையேறுகிறவர்கள் இருக்கிறார்கள், சிரிக்காதீர்கள். கியர் லிவருக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன லிவர், அல்லது சில வண்டிகளில் 4எல் என்று எழுதிய சுவிட்ச், இருக்கிறதா பாருங்கள். இல்லை என்றால் உங்களுக்கு லோ ரேஞ்ச் கிடையாது. இருக்கிறது என்றால், காய்ந்த தார் ரோட்டில் அதைப் போட்டுக்கொண்டு வளைவுகளில் திருப்பாதீர்கள். ஏன் என்று பட்டறைக்கு வந்தால் உடைந்த சாமானைக் காட்டுகிறேன்.

சரி, பாதைக்கு வருவோம். "குடும்பத்தோடு போக ஈஸியான, அழகான பாதை ஒன்று சொல்லுங்கண்ணா" என்று கேட்பவர்களுக்கு நான் எந்தப் பாதையின் பெயரையும் இப்படிப் பொதுவில் எழுதுவதில்லை. எழுதினால் அடுத்த வாரமே அங்கே வரிசையாக வண்டி நிற்கும். அந்த ஊர்க்காரர்கள் ஆஸ்பத்திரிக்குப் போக இருக்கிறது அந்த ஒற்றைப் பாதைதான். ஆனால் பாதையைக் கண்டுபிடிக்கும் விதத்தைச் சொல்லலாம்.

முதலில் ஏற்காட்டைச் சுற்றி வரும் 32 கிலோமீட்டர் சுற்றுப்பாதையை முழுசாக ஒருமுறை ஓட்டுங்கள். தார் ரோடுதான். ஆனால் காப்பியும் மிளகுக்கொடியும் இரண்டு பக்கமும் கூடவே வரும், எதிரே பஸ் வந்தால் ஒதுங்கிப் பழகுவீர்கள். இந்தச் சுற்றிலிருந்து சின்னச் சின்ன ஊர்களுக்கு மண் ரோடுகள் பிரியும். ஓரிரண்டு கிலோமீட்டர்தான் இருக்கும். புதிதாக ஓட்டுகிறவருக்கு அதுவே போதும், அதற்கு மேல் தேவையே இல்லை.

பிரிகிற இடத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கிப் பாருங்கள். இரண்டு டயர் தடத்துக்கும் நடுவில் புல் இருக்கும். அந்தப் புல் குட்டையாக, நுனி மழுங்கி, வண்டியின் அடிவயிறு உரசிய கறுப்போடு இருந்தால் தினமும் பிக்கப் வண்டி போய்வருகிறது என்று அர்த்தம். புல் முழங்கால் உயரம் தலைநிமிர்ந்து நின்றால் அங்கே வண்டி போய் மாதக்கணக்காயிற்று. மேப்பில் அது சாம்பல் கோடாகத் தெரியலாம். மேப் மழையைப் பார்ப்பதில்லை, போன வருஷம் உடைந்த சின்னப் பாலத்தைப் பார்ப்பதில்லை, எஸ்டேட் கேட்டில் தொங்கும் பூட்டையும் பார்ப்பதில்லை.

அப்புறம் டீக்கடை. அங்கே கேட்கிற விதத்திலும் தப்பு நடக்கிறது. "இந்த ரோட்ல வண்டி போகுமாங்க?" என்று கேட்டால் "போகும் போகும்" என்றுதான் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை; அவர்கள் மனதில் இருப்பது டிராக்டர், இல்லையென்றால் பைக். கேட்க வேண்டியது வேறு. கடைசியாக எந்த வண்டி போச்சு, எப்போ போச்சு? எதிரே வண்டி வந்தா எங்கே ஒதுங்கலாம்? திருப்ப இடம் எங்கே இருக்கு? இந்த மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்லக்கூடியவர் காப்பி மூட்டை ஏற்றுகிற பிக்கப் டிரைவர். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். எந்த வீடியோவிலும் கிடைக்காத விவரம் கிடைக்கும்.

பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மட்டும் எனக்காகச் செய்யுங்கள்: போகும்போது ஏறுகிற பாதையாக எடுங்கள். ஏற முடியாத இடத்தில் வண்டி தானாகவே நின்றுவிடும், ரிவர்ஸில் நேராகப் பின்னால் வந்துவிடலாம். இறங்க முடியாத இடம் என்பது பாதி இறங்கிய பிறகுதான் தெரியும். வளைவுக்கு அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் இறங்கி நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். பத்து நிமிஷம்கூட ஆகாது.

பருவமும் முக்கியம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை மண் காய்ந்திருக்கும். காப்பியைப் பூக்கவைக்கிற மழை, பூமழை என்போம், அது பெய்த சில நாட்களில் காப்பிச்செடி வெள்ளை வெளேரென்று பூத்திருக்கும். மலையே மணக்கும், அதைவிட அழகான நேரம் இங்கே கிடையாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண் ரோட்டை மறந்துவிடுங்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு ஏற்காட்டுத் தார் ரோட்டிலேயே மண் சரிந்தது. மண் ரோட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மற்ற மாதங்களில் முந்தின நாள் மழை பெய்ததா என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

எஸ்டேட் ரோடு தனியார் ரோடு. கேட் திறந்திருக்கிறது என்பது அனுமதி ஆகாது, ஆபீஸில் கேளுங்கள். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் உள்ளே ஆட்களும் லாரியுமாக இருக்கும், விட மாட்டார்கள், விடவும் கூடாது. காயவைத்திருந்த காப்பிக் களத்தின் மேலேயே வண்டியைத் திருப்பிய ஒரு மகானுபாவரையும் நான் பார்த்திருக்கிறேன். காப்புக்காடு என்ற பலகை கண்ணில் பட்டால் அங்கேயே திரும்புங்கள். அனுமதியில்லாமல் உள்ளே போவது 1882-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம், "தெரியாமல் வந்துட்டேன் சார்" எடுபடாது. காட்டெருமை நின்றால் ஹாரன் அடிக்காதீர்கள், செல்ஃபிக்கு இறங்காதீர்கள். அது போகிறவரை காத்திருங்கள்.

தனி வண்டியாகப் போகாதீர்கள், இன்னொரு வண்டி கூட வரட்டும். மண்ணில் இறங்கும் முன் டயரில் காற்றைக் கொஞ்சம் குறையுங்கள், 32 வைப்பவர் 25 வைக்கலாம். தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி ஏற்ற வேண்டும், கையில் பம்பு இருக்கட்டும். எல்லோரும் பெல்ட் போடுங்கள், பின் சீட்டில் பாட்டியும்தான்.

மாட்டிக்கொண்டால் ஆக்சிலேட்டரை மிதித்துச் சக்கரத்தைச் சுழற்றாதீர்கள், குழி ஆழமாவதுதான் மிச்சம். வண்டி சாய்ந்திருந்தால் மேட்டுப் பக்கக் கதவு வழியாக ஒவ்வொருவராக இறங்கி, மேட்டிலேயே நில்லுங்கள். அவ்வழியாக வந்த யாரோ நல்ல மனசோடு நைலான் கயிற்றைப் பம்பரில் கட்டி இழுக்கலாம் என்பார். நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். வண்டிக்கென்று கொடுத்திருக்கும் கொக்கியைத் தவிர வேறெங்கும் கட்டக் கூடாது. இழுவிசையில் கயிறு அறுந்தாலோ பம்பர் பெயர்ந்தாலோ அது பறந்து வந்து ஆளை அடிக்கும். இழுக்கும்போது கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளித்தான் ஆட்கள் நிற்க வேண்டும், பிள்ளைகள் இன்னும் தள்ளி.

அப்புறம், தயவுசெய்து பகலிலேயே கூப்பிடுங்கள். "நாமே எடுத்துடலாம்" என்று சாயங்காலம் வரை போராடிவிட்டு ஏழு மணிக்குப் போன் செய்கிறீர்கள். தோட்டத்துக்குள் நிறைய இடத்தில் சிக்னல் கிடையாது, மேட்டுக்கு நடந்து வந்துதான் பேச வேண்டும். இருட்டில் குடும்பத்தை விட்டுவிட்டு யார் நடப்பது? மூன்று மணிக்குள் கூப்பிட்டு, பக்கத்து ஊர்ப் பெயரையும் கடைசியாகக் கடந்த எஸ்டேட் பெயரையும் சொல்லிவிட்டீர்கள் என்றால், வண்டியை இழுக்கிற வின்ச்சோடு வெளிச்சத்திலேயே வந்துவிடுகிறேன்.