மானியம் எப்போது உதவித்தொகை ஆனது?

கோத்தகிரிப் பக்கம் விவசாயிகள் கூட்டம் எதற்குப் போனாலும் இப்போதெல்லாம் ஒரே சொல்தான். தெளிப்பு நீர்க் கருவிக்கு உதவித்தொகை, களையெடுக்கும் இயந்திரத்துக்கு உதவித்தொகை. முன்பு போல மானியம் என்று ஏன் சொல்வதில்லை என்று கேட்டால், அது வடசொல்லாம்.

சரி, வடசொல்தான். 'மான்ய' என்றால் மதிப்புக்குரியது. கணக்குப்பிள்ளையும் நாவிதரும் கோயில் பூசாரியும் ஊருக்குச் செய்த வேலைக்காக வரியின்றியோ குறைந்த வரிக்கோ அனுபவித்த நிலம் மானியம். சோழர் கல்வெட்டில் வரும் 'இறையிலி' ஏறக்குறைய இதுதான். 1963-இன் சிறு இனாம் ஒழிப்புச் சட்டம் அந்த ஏற்பாட்டை முடித்தது, சொல் தங்கிவிட்டது. இதற்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'சப்சிடி'க்கு மூலம் லத்தீன் 'சப்சிடியம்', பின்வரிசையில் காத்திருக்கும் துணைப்படை. வரலாறு இவ்வளவு போதும்.

உதவித்தொகை என்றதும் நமக்கு நினைவு வருவது முதியோர் உதவித்தொகை, கல்வி உதவித்தொகை. கைக்கு வரும் பணம். வாங்குபவர் தன் பங்காக எதையும் போட வேண்டாம். மானியம் அப்படியா? ஒரு பொருளின் விலையில் அரசு ஏற்கும் பங்கு அது. களையெடுக்கும் இயந்திரத்துக்குச் சிறு, குறு விவசாயி என்றால் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40. மீதி நம் பையிலிருந்து. நுண்ணீர்ப் பாசனத்தில் ஐந்து ஏக்கர் வரை வைத்திருப்பவர்களுக்கு 100 சதவீதம் என்றாலும், பணம் போவது கருவி பொருத்தும் நிறுவனத்துக்கு. '100 சதவீத உதவித்தொகை' என்ற நோட்டீஸைப் பார்த்து, சிட்டா, அடங்கலோடு பாஸ்புக்கையும் தூக்கிக்கொண்டு வந்து "என் கணக்குல எவ்வளவு ஏறும்?" என்று கேட்ட பெரியவர் மேல் ஒரு தப்பும் இல்லை. எதில் 100 சதவீதம் என்று அந்தச் சொல் அவருக்குச் சொல்லவே இல்லையே!

துறையிலேயே 'பின்னேற்பு மானியம்' என்றொரு நல்ல சொல் உண்டு. முழு விலையையும் முதலில் நாம் கட்ட வேண்டும். அதிகாரி வந்து பார்த்த பிறகு அரசின் பங்கு கணக்கில் ஏறும். இதைப் 'பின்னேற்பு உதவித்தொகை' என்று சொல்லிப் பாருங்கள். வட்டிக்கு வாங்கி இயந்திரம் எடுத்தவருக்கு வயிறு எரியும்.

'நல்கை' என்பார்கள் தனித்தமிழ் நண்பர்கள். ஆய்வுக்குக் கொடுக்கும் பணத்துக்குச் சரி. நல்குவது மனமுவந்து கொடுப்பது. நடையாய் நடக்கவிட்டுத் தருவதற்கு அந்தச் சொல்லைச் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை.

உண்மையில் உதவித்தொகை என்று சொல்லத்தக்கது விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் பி.எம். கிசான்தான். வருடத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை, எந்தச் செலவுக்கும் கணக்குக் காட்ட வேண்டாம். அதற்கு வைத்திருக்கும் பெயரோ 'கௌரவ நிதி'. இந்தியின் 'சம்மான்' அப்படி ஆகியிருக்கிறது. மானியமும் சம்மானும் ஒரே வேரில் பிறந்தவை என்பது மொழிபெயர்த்தவருக்குத் தெரிந்திருக்குமா? ஹட்டிகளில், அதாவது எங்கள் பக்கத்துப் படுகர் ஊர்களில், யாரும் கௌரவ நிதி என்பதில்லை. "கிசான் பணம் வந்துச்சா?" அவ்வளவுதான்.

இதே மொழிபெயர்ப்பாளர்கள்தான் 'குறைந்தபட்ச ஆதார விலை'யை 'ஆதரவு விலை' ஆக்குகிறார்கள். ஆதாரம் தாங்கி நிற்பது. விலை அதற்குக் கீழே இறங்கக் கூடாது. ஆதரவு, ஓட்டுக் கேட்கிறவர் கேட்பது. பச்சைத் தேயிலைக்கு அரசு கிலோவுக்கு 2 ரூபாய் சேர்த்துத் தருவதாக அறிவித்தது மானியம். சிறு விவசாயிகள் வருடக்கணக்காகக் கேட்டு வருவது அதையல்ல, ஆதார விலையை. அவர்களுக்கு இந்த இரண்டும் குழம்பியதே இல்லை.