மோனேயின் சூரியன் ஏன் துடிக்கிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "குளோத் மோனேயின் 'மனப்பதிவு, சூரிய உதயம்' ஓவியத்தில் அந்த ஆரஞ்சு வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் லேசாகத் துடிப்பதுபோல் இருக்கிறது. என் கண்ணில் கோளாறா?"

கோளாறு இல்லை. பலருக்கும் அப்படித்தான் தெரிகிறது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படத்தில் இருப்பது பிரான்சின் ல ஆவ்ர் துறைமுகம். படத்தில் மோனே எழுதிய ஆண்டு 1872. இரண்டு வருடம் கழித்து, அவரும் நண்பர்களும் பாரிஸில் தாங்களே நடத்திய கண்காட்சியில் இதை வைத்தார்கள். லூயி லெருவா என்ற விமர்சகர் இதன் தலைப்பில் உள்ள 'இம்ப்ரெஷன்' (மனப்பதிவு) என்ற சொல்லை வைத்தே அவர்களை 'இம்ப்ரெஷனிஸ்டுகள்' என்று கிண்டலடித்தார். அந்தப் பெயர்தான் ஓர் இயக்கத்துக்கே நிலைத்தது.

சரி, சூரியனுக்கு வருவோம். விழித்திரையிலிருந்து கிளம்பும் தகவல் மூளையின் பின்பகுதிக்குப் போய், அப்புறம் இரண்டு பாதைகளாகப் பிரிகிறது. ஒரு பாதை, பொருள் எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரம், நகர்கிறதா என்று கவனிக்கும். இதற்கு நிறம் ஏறக்குறையத் தெரியாது. வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம்தான் தெரியும். நிறத்தையும் முகங்களையும் அடையாளம் காண்பது மற்ற பாதையின் வேலை.

ஹார்வர்டு நரம்பியல் அறிஞர் மார்கரெட் லிவிங்ஸ்டன் கவனித்தது இதைத்தான்: மோனேயின் சூரியனும் அதைச் சுற்றியுள்ள சாம்பல் மேகமும் கிட்டத்தட்ட ஒரே அளவு பிரகாசம் கொண்டவை. நிறம் மட்டும்தான் வேறு. ஆக, நிறம் பார்க்கும் பாதை "இதோ சூரியன்!" என்கிறது. இடம் பார்க்கும் பாதையோ "எங்கே? அங்கே மேகம்தானே இருக்கிறது!" என்கிறது. இந்த வழக்கு தீருவதே இல்லை. இடம் உறுதியாகாத அந்த வட்டம் நம் பார்வையில் நிலைகொள்ளாமல் அலைகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. நிஜச் சூரியன் வானத்தைவிடப் பல மடங்கு பிரகாசமானது. ஆனால் ஓவியத்தின் சூரியனை மட்டும் கணினியில் பிரகாசமாக்கிப் பாருங்கள். ஒட்டிவைத்த பொட்டுபோல ஆகிவிடும். மங்கலாக விட்டதால்தான் அது சுடர்கிறது. மோனேவுக்கு மூளையின் பாதைகள் பற்றி எதுவும் தெரிந்திருக்க வழியில்லை. கண்ணை நம்பித் தீட்டினார், அவ்வளவுதான்.

லிவிங்ஸ்டன் இதற்கு முன்பு, நோபல் பரிசு பெற்ற டேவிட் ஹ்யூபலுடன் சேர்ந்து குரங்குகளின் பார்வை மண்டலத்தை ஆராய்ந்தவர். 'குரங்கு மூளையில் எந்தச் செல் நிறத்துக்கு விழிக்கிறது' என்று ஆராய நம்மூரில் நிதி கேட்டால், "இதனால் யாருக்கு என்ன பயன்?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். அடிப்படை ஆராய்ச்சியிடம் அந்தக் கேள்வியை அவசரப்பட்டுக் கேட்கக் கூடாது என்பது என் கட்சி.

நீங்களே சோதிக்கலாம். படத்தைச் செல்பேசியில் திறந்து கறுப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். நல்ல பிரதியாக இருந்தால், சூரியன் மேகத்தில் ஏறக்குறைய கரைந்துவிடும். மட்டமான அச்சுப் பிரதிகளில் பிரகாசம் மாறிப்போயிருப்பதால் இந்த வித்தை நடக்காது. அசல் படம் பாரிஸின் மார்மொத்தான் மோனே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.