பிக்கப்பைத் தூக்கிப் பெரிய டயர் போடலாமா?

இசுஸு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் வாங்கியவர்கள் பலர் அடுத்து விசாரிப்பது லிஃப்ட் கிட். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை இரண்டு அங்குலம் தூக்கினால் மட்கார்டுக்கு அடியில் இடம் கிடைக்கும், அங்கே பெரிய டயர் உட்காரும். "உரசாது சார், தாராளமா போடலாம்" என்பார் கடைக்காரர். உரசுமா என்பது அவர் கவலை. சட்டம் பார்ப்பது, கம்பெனி எழுதிக் கொடுத்தபடி வண்டி இருக்கிறதா என்பதை.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவுதான் இதற்கு அடிப்படை. ஆர்சியில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கிப் பிடித்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அதன்படி அனுமதி இல்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதைக் கவனியுங்கள். லிஃப்ட் ஒன்று, டயர் இன்னொன்று என்று எண்ணினால் 10,000 ஆகிவிடும்.

"என் ஆர்சியில் டயர் அளவே இல்லையே" என்று சிலர் கேட்பார்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியில் அது சரிதான். ஆனால் சரக்கு வாகனமாகப் பதிவான பிக்கப்புக்கு, பதிவுப் படிவத்திலேயே முன் அச்சு, பின் அச்சு டயர்களின் அளவைத் தனித்தனியாக எழுத வேண்டும். அந்த வண்டி எட்டு வயதாகும் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருடா வருடம் எஃப்சிக்கு, அதாவது தகுதிச் சான்று சோதனைக்குப் போக வேண்டும். அங்கே தப்ப முடியாது.

இன்னொரு வாதமும் உண்டு. வண்டியின் அடிப்படை அம்சம் மாறும்படி கட்டமைப்பில் செய்வதுதான் 'மாற்றம்' என்று 52-ஆம் பிரிவின் விளக்கம் சொல்கிறது. கழற்றி மாட்டும் டயர் எப்படிக் கட்டமைப்பு ஆகும்? வக்கீல் கோர்ட்டில் வைக்கத் தகுந்த வாதம்தான். ரோட்டோரத்தில் நிறுத்திய இன்ஸ்பெக்டரிடம் எடுபடும் என்று நம்பி நான் காசு செலவழிக்க மாட்டேன். அதுவும் வண்டியையே தூக்கிய பிறகு அந்த வாதம் ரொம்பவே மெலிந்துவிடும்.

சரி, ஆர்டிஓவிடம் மனு கொடுத்து அனுமதி வாங்கலாமா? சிஎன்ஜி போன்ற எரிபொருள் மாற்றம், மாற்றுத்திறனாளிகள் ஓட்டுவதற்கான மாற்றம் போன்றவற்றுக்கு 52-ஆம் பிரிவிலேயே வழி இருக்கிறது. குறிப்பிட்ட நோக்கத்துக்காக மத்திய அரசு விலக்கு தரலாம் என்றும் இருக்கிறது. லிஃப்ட் கிட்டுக்கென்று அதில் எந்த வழியும் சொல்லப்படவில்லை. ட்ரெய்லரில் ஏற்றிக் காட்டுக்குக் கொண்டுபோய்த்தான் ஓட்டுகிறேன் என்பதும் முழுத் தீர்வு ஆகாது. மாற்றுவதையே அந்தப் பிரிவு தடுக்கிறது, எங்கே ஓட்டுகிறீர்கள் என்று பார்ப்பதில்லை.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்பதற்கு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 255/60 ஆர்18 டயரின் விட்டம் சுமார் 763 மில்லிமீட்டர். அதை எடுத்துவிட்டு 285/65 ஆர்18 போட்டால் சுமார் 828. அதாவது எட்டரை சதவீதம் கூடுதல். முன்பு சரியாகக் காட்டிய ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி கிட்டத்தட்ட 87-இல் போய்க்கொண்டிருக்கும், ஓடோமீட்டரும் அதே விகிதத்தில் குறைத்துக் காட்டும். இத்தனைக்கும் அந்தப் பெரிய டயர் வண்டிக்குத் தரும் உயரம், விட்டத்தில் கூடியதில் பாதிதான், 32 மில்லிமீட்டர். கனமான டயரைச் சுற்ற எஞ்சினுக்கும் நிறுத்த பிரேக்குக்கும் வேலை கூடும். ஏபிஎஸ் பழைய அளவை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். முன்பக்கம் தூக்கிய வண்டியின் ஹெட்லைட், சரிசெய்யாவிட்டால், எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

அப்போ எதுதான் செய்யலாம்? டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் அங்கே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். அதில் உள்ள அளவு, அல்லது உங்கள் மாடலுக்குக் கம்பெனி கையேட்டில் கொடுத்திருக்கும் மாற்று அளவு, இவற்றில் எதைப் போட்டாலும் பிரச்சினை இல்லை. அதே அளவில் ஆல் டெரெய்ன் பட்டன், அதாவது தார் ரோடு, மண் பாதை இரண்டுக்குமான மேற்பரப்பு உள்ள டயர் கிடைக்கும். சேறு, கல் பாதைக்கு உண்மையில் பெரிய வித்தியாசம் தருவது அதுதான் என்பது என் கருத்து. வாங்கும்போது சுமைக் குறியீடு பழைய டயருடையதற்குக் குறையக் கூடாது. 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும், 109 என்றால் 1,030 கிலோ. வேகக் குறியீட்டையும் பாருங்கள். சேற்றுக்கான டயர்களில் பலவும் 'க்யூ', அதாவது அதிகபட்சம் மணிக்கு 160 கிலோமீட்டர்தான். ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்க வேண்டும். டயரின் பள்ளங்களின் ஆழம் தேய்ந்து 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் கம்பெனி அளவு டயரே ஆனாலும் சட்டப்படி குற்றம்.

இன்சூரன்ஸை மறந்துவிடாதீர்கள். சொல்லாமல் செய்த மாற்றம் விபத்துக்குப் பிறகு சர்வேயர் கண்ணில் பட்டால் கிளெய்ம் இழுபறியாகும்.

ஏற்கெனவே தூக்கிய வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் கம்பெனி ஸ்பிரிங், ஷாக், ரிம், டயர் எல்லாவற்றையும் பேரத்திலேயே சேர்த்துக் கேளுங்கள். மாற்றியது நான் இல்லை என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம். ஆனால் செக்கிங்கில் நிற்பது நீங்கள்தான். கழற்றிய சாமான் இல்லை என்று விற்பவர் சொன்னால், அதைப் புதிதாக வாங்கி மாட்ட ஆகும் செலவை விலையில் கழித்துவிடுங்கள்.