நெமாட்டிக்: இழைநிலை

நெமாட்டிக் என்ற சொல் கிரேக்க மொழியின் ‘நேமா’விலிருந்து வந்தது, நேமா என்றால் இழை. நீர்மமாக வழிந்தோடியபடியே படிகத்தைப்போல் திசையொழுங்கையும் காக்கும் நீர்மப் படிகங்களை வகைப்படுத்திய பிரெஞ்சு அறிவியலாளர் ஜார்ஜ் ஃப்ரீடெல், 1922இல் அவற்றுள் ஒரு நிலைக்கு இப்பெயரிட்டார். தமிழில் இதனை ‘இழைநிலை’ எனலாம்.

ஆனால் இழை எது என்பதில் தெளிவு வேண்டும். காரைக்குடிப் பக்கத்துத் தறிகளில் கண்டாங்கிச் சேலைக்காகப் பாவு நூல்கள் ஒரே திசையில் விறைத்து நிற்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, ஒரு திசை நோக்கி நிற்கும் நீண்ட மூலக்கூறுகளே அந்த இழைகள் என்று தோன்றும். அப்படியன்று. நுண்ணோக்கியில் இழைகளாகத் தெரிபவை, அந்தத் திசையொழுங்கு குலையும் இடங்களில் உண்டாகும் கோடுகளே.

பாவு நூல் அசையாது. இழைநிலை மூலக்கூறோ ஓயாமல் சுழன்றும் தள்ளாடியும் இடம்பெயர்ந்தும் கொண்டிருக்கும். அந்த அசைவை அளக்க உதவுவது, காந்தப்புலத்தில் வைத்த அணுக்கருக்கள் எந்த அதிர்வெண் அலைகளை ஏற்கின்றன என்று பார்க்கும் அணுக்கரு காந்த ஒத்ததிர்வு முறை. மூலக்கூறில் ஓரிடத்து ஹைட்ரஜனுக்குப் பதிலாக அதன் கனமான வடிவமான டியூட்டீரியத்தை வைத்து நிறமாலை எடுத்தால், சாதாரண நீர்மத்தில் மூலக்கூறுகள் எல்லாத் திசைகளிலும் சமமாகப் புரள்வதால் ஒற்றைக் கோடு கிடைக்கிறது. இழைநிலையில் அந்தப் புரளல் ஒரு திசைக்குச் சார்பாக நடப்பதால் கோடு இரண்டாகப் பிளக்கிறது. பிளவு அகலமானால் ஒழுங்கு மிகுதி, குறுகினால் ஒழுங்கு குறைவு. அசைவின் வேகத்தை அறிய, நிலை கலைக்கப்பட்ட அணுக்கருக்கள் பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் ‘தளர்வு நேரத்தை’ வெவ்வேறு அதிர்வெண்களில் அளக்கிறார்கள். தனித்தனி மூலக்கூறின் விரைவான சுழற்சி உயர் அதிர்வெண்களிலும், மூலக்கூறுகள் கூட்டமாக மெல்ல ஆடுவது கிலோஹெர்ட்ஸ் அளவிலும் புலப்படும்.

நீர்மப் படிகங்களின் மற்றொரு நிலையான ஸ்மெக்டிக் என்பதன் கிரேக்க வேர் சோப்பைக் குறித்தாலும், மூலக்கூறுகள் அடுக்கடுக்காக அமைவதைக் கொண்டு அதனை ‘அடுக்குநிலை’ என்பதே பொருத்தம். நெமாட்டிக்குக்கு அப்படி வேரை விட்டு விலக வேண்டியதில்லை. இழை கண்ணால் காணக்கூடியதாக இருக்கிறது.

பென்டைல் சயனோபைஃபினைல் என்னும் சேர்மம் ஏறத்தாழ 24 முதல் 35 பாகை செல்சியஸ் வரை இழைநிலையில் இருக்கும். மார்கழிப் பகலில் காரைக்குடியில் ஒரு கண்ணாடிக் குப்பியில் கலங்கலாகத் தெரியும் அது, சித்திரை வெயிலில் வெளியே வைத்தால் சாதாரண நீர்மமாகிச் சட்டெனத் தெளிந்துவிடும்; அப்போது நிறமாலை எடுத்தால், பிளந்திருந்த இரு கோடுகளும் ஒன்றாகியிருக்கும்.