லாட் மதிப்பு: தமிழில் எப்படிச் சொல்வது?

பரம்பரை நோய்க்கான மரபணு எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்று குடும்பங்களை வைத்துத் தேடும்போது அடிக்கடி அடிபடும் சொல் ‘லாட்’. லாட்டரிக்கும் இதற்கும் உறவில்லை. ‘லாகரிதம்’ (மடக்கை), ‘ஆட்ஸ்’ (ஒன்று நடப்பதற்கும் நடவாததற்கும் உள்ள வாய்ப்பு விகிதம்) என்ற இரு சொற்களை ஒட்டி, புள்ளியியலாளர் ஜார்ஜ் பர்னார்ட் 1949இல் ஆக்கியது. 1955இல் நியூட்டன் மார்ட்டன் அதை மரபணுப் பிணைப்பை, அதாவது குரோமோசோமில் அருகருகே உள்ளவை சேர்ந்தே பிள்ளைக்குப் போவதை, சோதிக்கும் அளவுகோலாக்கினார்.

செல்லுக்குள் கழிவைச் செரிக்கும் பையான லைசோசோமை விட்டு வெளியேற முடியாமல் கொலஸ்ட்ரால் தேங்கும் நீமன்-பிக் சி நோயை எடுத்துக்கொள்வோம். ஒடுங்கு பண்பு, அதாவது பழுதான பிரதி இருபக்கமிருந்தும் வந்தால்தான் நோய்; பெற்றோர் இருவரும் ஒரு பழுதுப் பிரதியோடு நலமாக இருக்கும் கடத்திகள். முதலில் நோயுற்ற குழந்தை குரோமோசோமின் ஓரிடத்தில் அப்பாவிடமிருந்து எந்தத் துண்டை, அம்மாவிடமிருந்து எந்தத் துண்டைப் பெற்றது என்று குறித்துக்கொள்கிறோம். நோயுற்ற இரண்டாவது குழந்தையிடமும் அதே இரண்டும் இருக்கின்றனவா? தற்செயலாக அப்படி அமைய 4இல் 1 வாய்ப்பு; மரபணு அங்கேயே இருந்தால் அமைந்தே தீரும். விகிதம் 4, அதன் மடக்கை 0.6. இப்படி 5 குடும்பங்கள் கிடைத்தால் விகிதம் 1024, லாட் 3.01. பெருக்கலைக் கூட்டலாக்கத்தான் மடக்கை: அரிய நோயில் சிறுசிறு குடும்பங்களைச் சேர்த்துத்தானே ஆக வேண்டும். அந்த இரண்டு துண்டுகளும் ஒருசேர இல்லாத நலமான குழந்தை தருவது வெறும் 0.12.

லாட் 3ஐத் தொட்டால் பிணைப்பு உண்டு. -2க்குக் கீழே இறங்கினால் அந்த இடத்தை விலக்கலாம். 3 என்றால் பிழை ஆயிரத்தில் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. எடுத்த எடுப்பில் இரண்டு இடங்கள் பிணைந்திருக்கும் வாய்ப்பே ஏறத்தாழ 50இல் 1தான் என்பதால், உண்மையான பிழை 5 சதவீதத்தை ஒட்டி நிற்கும்.

கணக்கு பெரும்பாலும் கெடுவது ‘நலம்’ என்று எழுதும் இடத்தில். இந்த நோய் சிலருக்கு வயது வந்தபின்தான் தலைகாட்டும். நோயுள்ள அக்காவின் இரு துண்டுகளும் 6 வயதுத் தம்பியிடம் இருந்து, அவனை நலமென்று பதிந்தால், குறுக்கேற்றமே (இணைக் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வது) இல்லை என்று கொண்ட கணக்கில் லாட் அதலபாதாளத்துக்குப் போகும். ‘நிலை தெரியாது’ என்று பதிவதே சரி. இன்னொரு பொறி, ஒரே நோய்க்கு இரண்டு மரபணுக்கள். 1993இல் பிணைப்பு கண்ட 18ஆம் குரோமோசோம் (மரபணு 1997இல் பிடிபட்டது) சுமார் 95 சதவீதக் குடும்பங்களுக்கே பொருந்தும். எஞ்சியவற்றுக்கு 14ஆம் குரோமோசோம். கலந்து கூட்டினால் ஒன்றை மற்றொன்று இழுத்துக் கவிழ்க்கும்.

தமிழில்? ஆங்கில ‘லாட் ஸ்கோர்’ என்பதை ‘லாட் மதிப்பெண்’ என்றால் பரீட்சை வாடை. கணிதப் பாடத்தில் ‘ஆட்ஸ்’ சாதக விகிதம், ‘லாகரிதம்’ மடக்கை. ஆகவே முதல் தடவை ‘சாதக விகித மடக்கை’, பிறகு ‘லாட் மதிப்பு’ என்று எழுதலாம்.